மார்ச் பனிச்சறுக்கு: மியூரன் போகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் எங்கே பனிச்சறுக்கப் போகலாம் என்ற பேச்சில் என் ஓட்டு மியூரனுக்குத்தான், இன்னொரு சுவிஸ் மலையூரான செர்மாட்டைக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அங்கே இருக்கும் கூட்டத்துக்கும் விலைக்கும் நமக்கும் ஒத்துவராது.

மியூரன் 1,600 மீட்டருக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் சின்ன ஊர். மர வீடுகள், எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள். கார் போகாது. கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லாட்டர்ப்ரூனன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கேபிள் காரில் க்ரூட்ஷால்ப் வரை ஏறி, அங்கிருந்து குட்டி ரயிலில் போக வேண்டும். ஹால்ப்டாக்ஸ் (சுவிஸ் ரயில்களில் பாதிக் கட்டணச் சலுகை) அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். சக்கரப் பெட்டி வேண்டாம், பனித் தெருவில் அதை இழுப்பதற்குள் கை போய்விடும், முதுகுப் பைதான் சரி.

ஜனவரி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த மாதம் அங்கே நடக்கும் இன்ஃபெர்னோ பனிச்சறுக்குப் பந்தயம். 1928இல் தொடங்கியது, அந்த வாரம் ஊரே நிரம்பி வழியும்.

அப்புறம், ஊருக்கு மேலே இருக்கும் ஷில்ட்ஹார்ன் மலைப் பக்கச் சரிவுகள் செங்குத்து. முதல்முறை சறுக்குபவர்கள் வின்டர்எக் பக்கம் பழகலாம், பயிற்சியாளரும் வைத்துக்கொள்வோம். பூட்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது மெல்லிய சாக்ஸ் ஒன்றே போதும். முழங்காலை முன்னால் மடக்கிப் பாருங்கள், குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரிது, கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

ஹோட்டலைவிட சமையலறை உள்ள வீடு எடுத்தால் செலவு குறையும், ரசமும் கிடைக்கும். வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரும் பூட்ஸ் அளவும் இங்கேயே போடுங்கள், தனித்தனியாக எனக்கு அனுப்ப வேண்டாம்.