டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருந்தாய்

கொளத்தூர்,
14 நவம்பர் 2021

பாப்பாவுக்கு,

தீபாவளியன்று நீ அனுப்பிய மெசேஜுக்கு அம்மா உடனே நாலு விளக்கும் ரெண்டு கைகூப்பலும் போட்டு பதில் அனுப்பிவிட்டாள். நான்தான் பாக்கி. என் ஹாஸ்டல் காலத்து ஸ்வீடன் பாட்டுக் குழு லண்டனில் நடத்தப்போகிற ஷோவைப் பற்றி, "அபா ஷோவுக்கு டிக்கெட் போடட்டுமாப்பா?" என்று ஒரே வரி கேட்டிருந்தாய். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். முதலில் அவர்களுடைய புது ஆல்பத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். கேட்டாயிற்று, ஏழெட்டுத் தடவை. போனில் தட்டச்சு செய்தால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாது, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். கையெழுத்து புரியவில்லையென்றால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

ஆல்பம் வந்தது தீபாவளிக்கு மறுநாள். பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்கே என் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டான். ஆனால் பட்சணமும் விருந்தாளியுமாக இரண்டு நாள் போய்விட்டது. சனிக்கிழமை ராத்திரி பிடித்த மழை, ஞாயிறு காலையில் பார்த்தால் வாசலில் மூன்று படியில் இரண்டைக் காணோம். கரண்ட் இல்லை. 2015-க்கு அப்புறம் இப்படி ஒரு மழை இப்போதுதான். பேப்பர் வரவில்லை, பால் வரவில்லை. போனில் நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "பாட்டு கேட்டே சார்ஜைத் தீர்த்துடாதீங்க, பாப்பா கூப்பிட்டா எதுல எடுக்கறது?" என்றாள் உன் அம்மா. பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷம்கூட இல்லை, தீராது என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வகுப்பில் டீச்சர் எல்லாரையும் ஒரு பாட்டு பாடச் சொன்னபோது நீ எழுந்து 'ஃபெர்னாண்டோ'வில் இரண்டு வரி பாடிவிட்டு, "இது எங்க அப்பா பாட்டு" என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் எழுதிப் பாடிய பாட்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தாய். அபா என்பது நாலு பேருடைய பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் என்று சொன்னால் உனக்கு முகம் வாடிவிடும். ஸ்வீடனில் அதே பெயரில் மீன் டப்பா விற்கும் ஒரு கம்பெனி இருக்கிறது, அவர்களிடம் கேட்டுத்தான் இவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பதை நான் அப்போது உன்னிடம் சொல்லவே இல்லை.

எனக்கு அவர்கள் அறிமுகமானது 1980-ல், ஹாஸ்டலில். ரூம்மேட்டின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி ஒரு பக்கம் நாடா நைந்தே போனது. அடுத்த வருஷம் 'தி விசிட்டர்ஸ்' ஆல்பம் வந்தது, அப்புறம் புது ஆல்பம் ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் கழித்து இப்போது 'வாயேஜ்'. நடுவில் எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, நீ பிறந்து, நீ லண்டன் போய், நான் ரிட்டையரும் ஆகிவிட்டேன்.

பாட்டுக்கு வருகிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். 'லிட்டில் திங்ஸ்' கிறிஸ்துமஸ் காலைப் பாட்டு, குழந்தைகள் கோரஸ் வேறு. பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டது போல. 'பம்பிள்பீ'யையும் தாண்டிப் போய்விடலாம். ஆனால் நாலாவது பாட்டையும் ஐந்தாவது பாட்டையும் அடுத்தடுத்துக் கேள். நாலாவது 'டோன்ட் ஷட் மீ டவுன்'. ஒருத்தி சாயங்காலம் வரை பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, விட்டுப்போன பழைய வீட்டின் கதவை வந்து தட்டுகிறாள். மெதுவாக ஆரம்பிக்கிறது. அப்புறம் பியானோ ஒரே சறுக்காகச் சறுக்கி இறங்க, தாளம் விழுகிறது. அந்த இடத்தில் இருட்டில் தனியாக என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. பாடுவது அக்னேதா, குழுவின் இரண்டு பாடகிகளில் ஒருத்தி. எழுபதை நெருங்கிய குரல். அந்தக் காலத்தில் கூரையைத் தொட்ட குரல் இப்போது ஒரு படி கீழே இறங்கித் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறது. அது முடிந்த உடனே 'ஜஸ்ட் எ நோஷன்'. இது 1978-ல் பாடி வைத்துவிட்டு வெளியிடாமல் போட்டுவைத்தது. குரல் அப்போதைய குரல்தான், வாத்தியம் மட்டும் புதிது. அதே அக்னேதா, இருபத்தெட்டு வயதில். நாலரை நிமிஷத்துக்குள் ஒரு மனுஷிக்கு நாற்பது வயது குறைகிறது. எந்தக் குரல் பிடித்தது என்று கேட்டால், சத்தியமாக, இறங்கிய குரல்தான்.

இதனால்தான் வீடியோ எனக்கு ஒட்டவில்லை. செப்டம்பரில் 'ஐ ஸ்டில் ஹாவ் ஃபெய்த் இன் யூ' வந்த அன்றைக்கே நீ லிங்க் அனுப்பினாய், நான் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டேன். காரணம் இதுதான். அதில் பெரும்பகுதி பழைய படங்கள். கூட்டம், மேடை, சிரிப்பு. மேலே இன்னொரு பாடகி ஃப்ரீடாவின் குரல், நாளைக்கு எழுபத்தாறு வயது ஆகப்போகிறவளின் குரல். தன்னிடம் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிற பாட்டு. கண் கலங்கித்தான் போனது. கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டரில் செய்த நாலு பொம்மைகள் மேடைக்கு வருகின்றன, 1979-ன் முகத்தோடு! அந்த உருவங்களுக்காக நாலு பேரும் உடம்பில் புள்ளி வைத்த இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு, நூற்றறுபது கேமராக்களுக்கு நடுவே ஐந்து வாரம் ஆடிப்பாடியிருக்கிறார்கள். ஆண்கள் இரண்டு பேரும் அதற்காகத் தாடியை எடுத்தார்களாம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. மூலவருக்குத் தங்கக் கவசம் சாத்துவது போல இருக்கிறது, அவ்வளவுதான். கவசம் ஜொலிக்கும், மூக்கும் முழியும் திருத்தமாக இருக்கும். நான் கோயிலுக்குப் போவது அபிஷேகம் முடிந்து ஈரத்தோடு தெரிகிற அந்தக் கறுத்த கல் முகத்தைப் பார்க்க.

சரி, இதுவரை எழுதியதெல்லாம் முன்னுரை. ஏழாவது பாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

'கீப் அன் ஐ ஆன் டேன்' என்று பெயர். கேட்டிருப்பாய். கேட்டிருந்தும் என்னிடம் சொல்லாமல் இருந்திருப்பாய். பிரிந்துபோன ஒருத்தி, சனி ஞாயிறுக்காகப் பையனை அவன் அப்பா வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். சண்டை இல்லை, பழைய கணக்கு இல்லை. அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள், விட்டால் கையை மீறிப் போவான், அவ்வளவுதான் சொல்கிறாள். காருக்குத் திரும்பியதும் உடைந்துபோகிறாள். பாடுவது அக்னேதா. வரிகளை எழுதியது பியோர்ன், அதே குழுக்காரர், அவளுடைய முன்னாள் கணவர். அவர்கள் பிரிந்தபோது பெண்ணுக்கு ஆறு வயது நிறையவில்லை, பையனுக்கு ஒரு வயது. அவர்களுடைய சொந்தக் கதைதானா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆனால் பாட்டு முடிகிற இடத்தில் பியானோ 'எஸ்.ஓ.எஸ்.' பாட்டின் மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. 1975-ல் வந்தது, என் கேசட்டில் முதல் பாட்டு. இருட்டில், வாசலில் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க, நான் அதைத் திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை வைத்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சார்ஜ் பதினொன்றில் நின்றது.

நீ முதலில் எல்லாம் வெள்ளிக்கிழமை உன் பையனை அங்கே விட்டுவிட்டு வரும் வழியில் எனக்குத்தான் போன் பண்ணுவாய். நான் என்ன செய்தேன்? "வாரா வாரம் அங்கே எதுக்கு அனுப்பறே?" என்று ஒரு தடவை. "கோர்ட்டு சொன்னா எல்லாத்தையும் கேக்கணுமா?" என்று ஒரு தடவை. அப்புறம் "நேரமாச்சு, அம்மாகிட்ட பேசு" என்று போனைக் கைமாற்றிவிடுவது. நீ போன் பண்ணுவதை நிறுத்தியது எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்பாடா என்று இருந்தேன். காரில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்பது ஒரு நாளும் தோன்றவில்லை. உன் பிரிவு எனக்கு நேர்ந்த அவமானம் என்றே இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்குப் புரிய ஸ்வீடனிலிருந்து ஒரு பாட்டி வந்து பாட வேண்டியிருந்தது.

இன்னொன்று. அவரைப் பற்றிப் பேசும்போது எந்த வார்த்தையைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. பெயர் சொல்லியும் பழக்கமில்லை. "அங்கே", "அந்தப் பக்கம்" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஏதோ திசை போல. இனிமேல் "பையனோட அப்பா" என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். உனக்குச் சரியா? பாட்டில் அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லாமல்தான் பையனை ஒப்படைக்கிறாள். நீயும் அப்படித்தான் செய்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். இதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

டிக்கெட் விஷயம். மே 27-ல் ஆரம்பம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த அரங்கம் ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்தில்தானே, ஒலிம்பிக் பூங்காவில்? ஈஸ்ட் ஹாமிலிருந்து உனக்குப் பக்கம்தான். மூவாயிரம் பேர் பார்க்கலாமாம். அங்கே மேடைக்கு வரப்போவதும் அந்தக் கம்ப்யூட்டர் பொம்மைகள்தான், அவற்றைப் பார்க்க அவ்வளவு செலவு செய்து வருவதா என்று முதலில் நினைத்தேன். மூர்த்தி கவசத்தோடு இருந்தாலும் கோயில் கோயில்தானே, போடு. ப்ளேன் எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு ஜூனிலோ ஜூலையிலோ பார்த்துப் போடு. அம்மா வரமாட்டாளாம், கண்ணாடி உடுப்பும் வெளிச்சமும் தலைவலி என்கிறாள். எனக்கு, உனக்கு, பையனுக்கு. சனி ஞாயிறாக இருந்தால் அவன் அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள், அது அவருடைய நாள்.

தண்ணீர் வடிந்துவிட்டது. வியாழக்கிழமை மறுபடி ஒரு ஆட்டம் காட்டியது, இப்போது பரவாயில்லை. மோட்டாருக்குள் சேறு போய்விட்டது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். உன் பழைய சைக்கிளை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை அவனை விட்டுவிட்டுக் காருக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணு. உனக்கு ஆறு மணி என்றால் இங்கே ராத்திரி பதினொன்றரை. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன், சார்ஜும் போட்டு வைத்திருப்பேன்.

அப்பா