புயற்காலத்துக்கு முன் புதுச் சேவையகம் வேண்டும்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் வெள்ள வரைபடச் சேவையகத்தைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். "மேம்படுத்தல் முடிந்தது" என்று நீங்கள் அறிவித்த மறுநாள் பார்த்தால், வரைபடத்தில் கனால் தாயோ வடிகால் 700 மீட்டருக்கும் மேல் மேற்கே தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது. 2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 உயிரைப் பறிகொடுத்த நகரம் இது. மணல் மூட்டையோடு கிளம்புகிறவர் எந்தத் தெருவுக்குப் போவார்?

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் தீவின் பழைய நில அளவைத் தரவு லே பூஸ் 1934 என்ற அளவை அடிப்படையில், மொரீஷியஸ் கிரிட் என்ற கட்ட அமைப்பில் இருக்கிறது. இடக்குறிப்பு முறைகளின் பட்டியலான இ.பி.எஸ்.ஜி.-யில் அதன் எண் 3337. அதை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் இடக்குறிப்பு முறைக்குக் கொண்டுவர −770.1, 158.4, −498.2 மீட்டர் என்று எவ்வளவு நகர்த்துவது எனச் சொல்லும் மூன்று பெயர்ச்சி எண்கள் வேண்டும். ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்போடு, இடக்குறிப்பு முறையைச் சொல்ல வரும் பி.ஆர்.ஜே. கோப்பில் பெரும்பாலும் இவை இருக்காது. அதை அப்படியே நம்பி வரைபட அடுக்கை வேறொரு எண்ணில் பதிந்தால், சேவையகம் பெயர்ச்சி இல்லாமலே வரைந்துவிடும். பிழைச்செய்தியும் வராது. அடுக்குகளை 3337 என்றே அறிவியுங்கள். முன்பே வரைந்து சேமித்து வைத்த படத் துண்டுகளான டைல்களையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்திய பிறகும் பழைய தப்புதான் திரையில் வரும்.

சரி, மேம்பட்டது எது? தரவுத்தளமும் முகப்பின் நிறமும். இயங்குதளம் இன்னும் சென்ட்ஓஎஸ் 7. அதன் ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. வரைபடத்தை இணையத்தில் தரும் மென்பொருளான ஜியோசர்வரோ 2.22. அதில் சி.வி.இ.-2024-36401 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டையை 2.22.6, 2.23.6, 2.24.4, 2.25.2 பதிப்புகளில் அடைத்தார்கள். அடைக்காத பழைய பதிப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் கட்டளை ஓட்டலாம். வாசலுக்கு வண்ணம் பூசியாயிற்று, தாழ்ப்பாள்தான் இல்லை.

கேட்பது ஒன்றுதான்: ஓடுகிற சேவையகத்தில் ஒட்டுப்போடாமல், பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பி, நவம்பருக்குள் மாற்றுங்கள். ஜியோசர்வரின் தரவுக் கோப்புறை, அதை இயக்கும் டாம்கேட் மென்பொருளின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். புதுப் பதிப்பின் நிறுவல் கோப்பான வார் கோப்பு விழுந்ததும் டாம்கேட் பழைய கோப்புறையை அழித்துவிடும், ஸ்டைல், அடுக்கு, பயனர் எல்லாம் அதோடு போகும். ஜியோசர்வர் 2.28-க்கு ஜாவா 17 வேண்டும். டாம்கேட்டில் மட்டும் 9-ஐத் தாண்டாதீர்கள். 10 முதல் அது பயன்படுத்தும் ஜாவா நிரல்தொகுப்புகளின் பெயர் ஜகார்த்தா என்று மாறிவிட்டது, 2 வரிசை ஜியோசர்வர் அதில் எழாது. தரவுத்தளத்தில் இடத்தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் 3-இல், கட்டம் கட்டமான தரவுக்கான ராஸ்டர் தனி நீட்சி. காப்பு நகலை மீட்டெடுக்கும் முன் அதை நிறுவாவிட்டால் உயரத் தரவு அட்டவணைகள் வராமலே போகும்.

கட்டற்ற மென்பொருள் இலவசம்தானே, பராமரிப்புக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் மேலிடத்துக்கும் இதைக் காட்டுங்கள். தேரை யாரோ தானமாகத் தந்தாலும் வடம் பிடிக்க ஆள் வேண்டாமா? நிறம் தேர்ந்தெடுக்கக் குழு போட முடிகிறது, காப்பு நகலை ஒருமுறை மீட்டுப் பார்க்க மட்டும் நேரமில்லை.

சொல் கடுத்திருந்தால் பொறுத்தருளுங்கள். புதுச் சேவையகத்தில் இடம் தெரிந்த நாலைந்து பாலங்களை ஜி.பி.எஸ். அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்திய பிறகு முகவரியை மாற்றி, பழையதை வெளியார் தொடாதபடி இரண்டு வாரம் வைத்திருந்து அணைத்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரைபடத்தைப் பயன்படுத்தும் தன்னார்வலர்கள்