டெனர் பாட ஆள் வேண்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

கோயில் அசன விருந்து முடிந்த கையோடு கொயர் பயிற்சி தொடங்கிவிட்டது. புதனும் சனியும் சாயங்காலம் ஆறரைக்கு, கோயிலை ஒட்டிய ஹாலில். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து ஞாயிறு நான்கு, கேரல் ஆராதனை, அப்புறம் சமாதானபுரம், பெருமாள்புரம் என்று வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ். வருஷம் பிறந்தால் லெந்து என்கிற தவக்கால நாட்கள், பெரிய வெள்ளி, ஈஸ்டர். நடுவில் பொங்கல் விடுமுறையில் ஒரு இசை மாலையும் வைக்க வேண்டும் என்று கொயர் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் அடித்த மழையில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு இல்லை. மாஸ்டர் சுருதிக்குழலை ஊதி 'டோ' பிடித்துக் கொடுத்தார். போன் வெளிச்சத்தில், டோ-ரே-மி எழுத்துகளில் சுரம் எழுதின சோல்ஃபா தாளைப் பார்த்துப் பாடினோம். நீ சின்னப் பையனாக என் மடியில் உட்கார்ந்து அந்தத் தாளில் விரல் வைத்துப் படிப்பாயே, அதே முறைதான்: தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முக்காற்புள்ளி, நீட்ட வேண்டிய இடத்தில் சிறு கோடு. சாரா குளோவர் என்ற அம்மாள் இங்கிலாந்தில் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய முறைக்கு ஜான் கர்வன் மெருகேற்றி ஊர் ஊராகப் பரப்பினார். எந்தச் சுருதியில் எடுத்தாலும் அந்தச் சுருதிக்கு டோ தான் ஆதாரம், நம் ஸட்ஜம் மாதிரியே. ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்தாலே மிரளுகிற ஆட்களும் நம் பக்கத்தில் நாலு பாகம் பாடுவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை எடுத்திருப்பதுதான். 1774இல் நம் திருநெல்வேலியில் பிறந்து, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜி மன்னரோடு பழகி, தொண்ணூறை நெருங்கும் வயது வரை வாழ்ந்து பாடல்கள் எழுதியவர். ராகத்தில் அமைந்த மெட்டை நாலு குரலாகப் பிரித்தால், சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் செத்துப்போகும். மாஸ்டர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். பல்லவியை எல்லோரும் ஒரே குரலாகப் பாடுகிறோம். சரணத்தில்தான் பிரிகிறோம், அதுவும் நீண்டு நிற்கிற சுரங்களில் மட்டும். முதல் தடவை, பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில் நாங்கள் நாலு அடிக்கு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தனியாகப் பாடினால் அதில் பாட்டே இல்லை. ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் கீழே வந்து சேர்ந்ததும் எனக்குக் கை சிலிர்த்துவிட்டது.

அல்லேலூயா கோரஸை எப்போது பாடுவது என்று வழக்கமான விவாதம் இந்த வருஷமும் வந்தது. கிறிஸ்துமஸுக்குத்தான் வேண்டும் என்று பாதிப் பேர். ஹேண்டல் அதை 'மேசியா' என்ற தன் பெரிய இசைப் படைப்பின் இரண்டாம் பாகத்தின் முடிவில் வைத்திருக்கிறார், பாடுகளுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் பிறகு. 1742இல் டப்ளினில் முதல் அரங்கேற்றமும் ஏப்ரல் மாதம்தான். அது ஈஸ்டர் விடியற்காலையில் பாட வேண்டிய பாட்டு என்று சொல்லிவிட்டேன். மாஸ்டரும் ஒத்துக்கொண்டார்.

குறை, ஆண்களின் உயர்ந்த குரலான டெனரில்தான் ஐயா. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், பேங்கில் வேலை பார்க்கிறவர் ஒருவர், இப்போதுதான் குரல் உடைந்த பிளஸ் டூ பையன் ஒருவன். மற்றவர்கள் எல்லாம் உன்னைப் போல சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். டெனரை எடுத்துவிட்டு மூன்று பாகமாகப் பாடலாமே என்று யாரோ கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார் மாஸ்டர். அந்தப் பையனை வாத்தியார் பக்கத்தில் உட்காரவைத்து, காதோடு காதாகப் பாடச் சொல்லித் தருகிறார்.

உன்னைத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. நீ இருக்கிற இடத்தில் பாடு என்கிறேன். வேலை முடிந்து அறைக்கு வர எட்டு மணி ஆகிறது, உண்மைதான். சனிக்கிழமை உனக்கு லீவுதானே? அங்கேயும் ஏதோ ஒரு கோயிலில் டெனருக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னது எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கிறது. கொயரில் சேர்ந்தால் வாரத்துக்கு ஒரு நாளாவது உன் பெயர் சொல்லி "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் டெனர் பாகத்தை மட்டும் மாஸ்டர் பாடிப் பதிவு செய்து கொடுத்ததை அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் சரணத்தில் மூச்சு எடுக்கிற இடத்தைக் கவனித்துக் கேள், அங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். டிசம்பர் 22ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அக்டோபர் 23 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். மறந்துவிடாதே. கேரல் ரவுண்ட்ஸுக்கு நீ வருகிறாய் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா