வெஸ்ட் ஹாம் பிறந்த கதை தமிழில்: இன்னும் 1,865 பவுண் வேண்டும்

முருகன் துணை

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

புத்தகம் எழுதி முடிந்துவிட்டது. பிழை திருத்தியாகிவிட்டது, படங்களும் தெரிவாகிவிட்டன. அச்சகத்துக்குக் கொடுக்கத்தான் பணம் போதவில்லை. இம்மாதம் 30ஆம் திகதிக்குள் கட்டாவிட்டால் அவர்கள் சொன்ன விலை நிற்காது. அச்சு, படங்கள், கண்காட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேவை 4,600 பவுண். கையில் இருப்பது 2,735.

புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் எங்கள் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிகிற வெஸ்ட் ஹாம் கழகத்தின் கருஞ்சிவப்பு, நீலச் சட்டைக்குப் பின்னால் ஒரு கப்பல் பட்டறை இருக்கிறது. தேம்ஸ் அயர்ன்வேர்க்ஸ் என்ற அந்தப் பட்டறையின் தொழிலாளர்கள் 1895இல் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம்தான் பின்னாளில் வெஸ்ட் ஹாம் ஆனது. ஆண்டுச் சந்தா 2 ஷில்லிங் 6 பென்ஸ். பகலில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. முதல் பருவத்திலேயே மின்விளக்குக் கட்டி இரவில் ஆடிப் பார்த்தார்கள். பந்து கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தார்களாம். இந்தப் பக்கத்தை வாசித்த பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தப் பந்தைப் பற்றித்தான்.

பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறு இடத்தில். பட்டறையின் தலைவர் ஆர்னல்ட் ஹில்ஸ் மாமிசமும் மதுவும் தொடாதவர்; லண்டன் சைவ உணவாளர் சங்கத்துக்கும் அவரே தலைவர். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில், சட்டம் படிக்க வந்திருந்த இளைஞர் காந்தி இருந்தார். சங்க உறுப்பினர் டாக்டர் அலின்சனைக் கருத்து வேறுபாட்டுக்காக நீக்க ஹில்ஸ் முனைந்தபோது, ஹில்ஸ்மேல் பெருமதிப்பு வைத்திருந்தும் காந்தி மறுத்து நின்றார். எழுந்து பேசக் கூச்சம். எழுதிக்கொண்டு போனதை வேறொருவர்தான் வாசித்தார். இதைக் கேட்ட அன்று எங்கள் குழுவின் மூத்த ஐயா ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல் 100 பவுணை மேசையில் வைத்தார். இந்த வேலைக்கு விழுந்த முதல் காசு அது.

ஹில்ஸைத் தூக்கி மட்டும் எழுதவில்லை. வேலைநிறுத்தங்களால் கசந்துபோன உறவைச் சீர்செய்யவும்தான் அவர் விளையாட்டை வளர்த்தார் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. 1898 ஜூன் 21 அன்று ஆல்பியன் போர்க்கப்பலை நீரில் இறக்கியபோது எழுந்த அலையில் மேடை சரிந்து 38 பேர் மாண்டார்கள். அவர்களுக்கென்று 4 பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். செலவைக் குறைக்க அதை வெட்டலாம் என்றார் ஒருவர்; குழு சம்மதிக்கவில்லை. 1900இல் கழகம் பெயர் மாறியது, 1912இல் பட்டறையே மூடப்பட்டது. அங்கே அடித்த சுத்தியல்கள் இன்றும் கழகச் சின்னத்தில் குறுக்காக நிற்கின்றன.

செலவுக் கணக்கு: 1,000 பிரதி அச்சிட 2,850 பவுண். பழைய படங்களுக்கான அனுமதிக் கட்டணம் 640. கண்காட்சிப் பலகைகள் 780. இரண்டு நாள் மண்டப வாடகை 330. எழுதியவர்களும் படம் தேடியவர்களும் ஒரு பென்ஸ் வாங்கவில்லை.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஓய்வூதியத்தில் மாதம் 10 பவுண் தவறாமல் தரும் அம்மாவுக்கு, பெயர் போட வேண்டாம் என்று உறையை நீட்டிய கடைக்காரத் தம்பிக்கு, விளையாட்டுப் போட்டியன்று ரோல்ஸ் சுட்டு விற்று 212 பவுண் சேர்த்த தாய்மாருக்கு, உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்த இரண்டு சகோதரிகளுக்கு எல்லாம் முருகன் குறைவில்லாமல் கொடுக்கட்டும். நீங்கள் தந்திராவிட்டால் இந்த வேலை முதல் கூட்டத்தோடே நின்றிருக்கும்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். தை மாதக் கூட்டத்தில் கை உயர்த்தித் தொகை சொன்னவர்களில் 14 பேர் இன்னும் தரவில்லை. பூப்புனித நீராட்டு விழா மேடைக்கு ஒரே நாளில் 3,000 பவுண் கொடுக்கிற சமூகம் நாங்கள். நாற்பது வருடமாக இந்த மண்ணில் உழைத்துச் சாப்பிட்டுவிட்டு, இதே தெருக்களில் நமக்கு முன் உழைத்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்கு நம் மொழியில் கொடுக்க முடியவில்லை என்றால், அது நமக்கு அழகா? பட்டறைக் கூலியில் வீட்டைப் பார்த்துக்கொண்டே சந்தா கட்டினார்கள் அவர்கள்.

75 குடும்பங்கள், குடும்பத்துக்கு 25 பவுண் தந்தால் போதும். வரும் இரண்டு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எங்கள் மேசை இருக்கும். பற்றுச்சீட்டு கையோடு தருவோம். சொன்ன தொகையை மறந்துபோனவர்கள் தயவுசெய்து முதல் ஞாயிறே வாருங்கள்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழு