டெல்லிச் சட்டமும் எங்கள் மதகும்

திருத்துறைப்பூண்டி
6-1-2013

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. அந்த டெல்லிக் குளிரில் விடியற்காலையில் தலைக்குக் குளிக்க விடாதே. சொன்னால் கேட்க மாட்டார்கள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 28-ஆம் தேதி பிரதமரும் முதலமைச்சர்களும் இருக்கும் தேசிய நீர்வளக் குழுமம் புதிய நீர்க்கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் தண்ணீருக்கென்று தேசிய அளவில் ஒரு சட்டம் என்றதும் பல மாநிலங்கள் எதிர்த்தன. "மாநில உரிமையில் கைவைக்கும் எண்ணமில்லை, பொதுவான நெறிகளைத்தான் சொல்லப்போகிறோம் என்று பிரதமரே சொல்கிறார். அப்புறம் உங்களுக்கு என்னய்யா பயம்?" என்று எழுதியிருந்தாய்.

பட்டவனுக்குத்தான் தெரியும் முத்து. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. பதினேழு வருஷம் விசாரித்து 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று எழுதினார்கள். ஆறு வருஷம் ஆகப்போகிறது, அந்தத் தீர்ப்பை அரசிதழில் அச்சடிக்கக்கூட நீ இருக்கும் ஊரில் நேரமில்லை. மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளைக் கவனிக்க 1956-இல் நதி வாரியச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன்படி இன்றுவரை ஒரு வாரியமாவது அமைந்ததா? கையில் இருக்கும் சட்டத்தையே எடுத்துப் பார்க்காதவர்கள் இன்னொன்று தருகிறோம் என்றால் எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

போன ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை நெல் போயிற்று. தாமதமாக வந்த தண்ணீரை நம்பி சம்பா போட்டார்கள். எங்கள் பகுதி வெண்ணாற்றின் கடைமடை. கல்லணையில் பிரித்து விடுகிற தண்ணீர் ஊர் ஊராகக் கைமாறி எங்களிடம் வருவதற்குள் வாய்க்காலில் கணுக்கால் அளவு நின்றாலே பெரிய விஷயம். நிலத்தடி நீரும் உப்பு. போர் போட்டுத் தப்பிக்க வழியில்லை.

போன வாரம் மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரோடு ஒரு மதகைப் பார்க்கப் போனேன். முறை வைத்து விட்டதில் அன்று எங்கள் முறை. ஷட்டரைத் தூக்கும் திருகுத்தண்டில் கிரீஸ் தடவி, இரண்டு பேர் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினோம். பலகை முழுசாக மேலே வந்துவிட்டது. அளவுகோலில் முதல் கோட்டுக்குக் கீழேயே தண்ணீர் நின்றது. கரையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தொறந்து என்ன, தொறக்காட்டி என்ன தம்பி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வயலில் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டுகிற நேரம். மண் வெடித்துக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது.

போன வருஷம் கொள்கை வரைவு வந்தபோது எங்கள் துறையிடமும் கருத்து கேட்டார்கள். நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அரசியல் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம், மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளுக்கு மத்தியப் பட்டியலின் 56-ஆவது இனம், தகராறு வந்தால் 262-ஆவது பிரிவு. ஆக, டெல்லி செய்ய வேண்டியதைச் செய்வதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது என்று எழுதினேன். நதிப் படுகை முழுவதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும், தண்ணீர் சமுதாயச் சொத்து என்கிற இடங்களை மனதார வரவேற்றேன். குடிநீர், ஆடுமாடு, உணவுப் பயிர், சிறு விவசாயி எல்லாம் போக மீதியைப் பொருளாதாரப் பண்டமாக நடத்த வேண்டும் என்ற வரிதான் உறுத்தியது. எங்கள் கடைமடையில் அந்த மீதி எப்போது இருந்தது?

இதெல்லாம் மேலே போயிற்று. நான் எழுதிய கடைசிப் பக்கம் மட்டும் போகவில்லை. அது நிலத்தடி நீரைப் பற்றியது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, நிலம் யாருடையதோ அடியில் உள்ள தண்ணீரும் அவருடையதே என்கிற நிலையை மாற்ற வேண்டும் என்றது கொள்கை. அது சரி என்றே எழுதினேன். கூடவே, நம் சட்டமன்றம் 2003-இல் நிறைவேற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் பத்து வருஷமாக அமலுக்கு வராமல் கிடக்கிறது, மாநில உரிமை என்று வாதாடும் நாம் முதலில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினேன். "இதெல்லாம் இப்போ எதுக்கு?" என்று அந்தத் தாளை உருவி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அவிநாசியில் என் மைத்துனர் 900 அடிக்குப் போர் போட்டுப் புழுதியைப் பார்த்தவர். இலவச மின்சாரம் விவசாயிக்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யார் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று இங்கே யாரும் கேட்பதே இல்லையே!

அதனால் என் பதில் இதுதான்: டெல்லிச் சட்டம் வேண்டாம் என்று நம் மாநிலத்து ஆட்கள் சொன்னது நியாயம். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டது நியாயமில்லை.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஆபீசில் நிலத்தடி நீர் பார்க்கிறவர் யாராவது இருந்தால் காட்டு, என் பேர் வேண்டாம். தீர்ப்பு எப்போது அரசிதழில் வரும் என்று காதில் விழுந்தால் ராத்திரியானாலும் போன் போடு. பொங்கலுக்கு இந்தத் தடவை புது நெல் அனுப்ப முடியாது, அம்மாவிடம் சொல்லிவிடு.

உன்
பாலு