மாதத்தில் ஒரு ஞாயிறு: ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். சம்பளம் கூட்டச் சொல்லி எழுதவில்லை (அதுவும் வேண்டும்தான், அது வேறு கதை). லீவு பற்றித்தான்.

வாரம் ஒரு நாள் லீவு தருகிறீர்கள். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எந்த நாள் என்பது முந்தின ராத்திரி கடை அடைக்கும்போதுதான் தெரியும். "நாளைக்கு நீ வர வேண்டாம்மா" என்பார் சூப்பர்வைசர். பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன். மகன் பள்ளிக்கூடம் போய்விடுவான், வீட்டுக்காரர் கொத்து வேலைக்குப் போய்விடுவார். போர்வை துவைத்து, ரேஷன் வாங்கி, வீங்கின காலை நீட்டிக் கொஞ்சம் படுத்தால் இருட்டிவிடும்.

போன மார்கழியில் எப்படியோ ஒரு ஞாயிறு கிடைத்தது. மூன்று பேரும் வண்டியூர் தெப்பக்குளம் போனோம். தண்ணீர் நிறையக் கிடந்தது. சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். நடு மண்டபத்துக்கு எப்படிப் போவது என்று மகன் கேட்டான். தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் சுற்றி வருவார்கள், அப்போது காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அப்பா என்னைப் பார்த்தார். நான் சுண்டல் பொட்டலத்தைப் பார்த்தேன். தைப்பூசத்தன்று ராத்திரி பத்து மணிவரை சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும், எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்ல எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் கைவசம் இருக்கிறது.

1947-ஆம் வருடத்துக் கடைச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் கடையையே அடைக்க வேண்டும். 2019-இல் வந்த அரசாணை 365 நாளும் திறக்க வழிவிட்டது. ஆட்களுக்கு முறை வைத்து லீவு. சரி, கடை திறந்திருக்கட்டும். அந்த முறையை முன்கூட்டியே சொன்னால் என்ன? 2021-இல் உட்கார நாற்காலி தரச் சொல்லிச் சட்டம் வந்தது. எங்கள் பிரிவுக்கும் ஒன்று வந்தது. இப்போது அதில் நைட்டிக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் சட்டத்தை நம்பாமல் உங்களிடமே கேட்கிறேன்.

லீவுப் பட்டியலை முந்தின மாதமே ஒட்டுங்கள். ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிறு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் எங்களுக்கும் தெரியும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிச் சமயத்திலும் கேட்கவே மாட்டோம்.

வரும் தைப்பூசத்தை மகன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அன்றைக்கு எனக்கு லீவு உண்டா இல்லையா என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவில் நிற்பவள்