முராபஹா கடன் அல்ல, விற்பனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரபு வங்கிச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், வட்டியைத் தவிர்க்கும் இஸ்லாமிய வங்கி முறையின் ஒப்பந்தமான முராபஹாவை ‘லோன்’ என்றே எழுதிவிடலாம் என்றும், அதற்கு மேல் சொல் தேடுவது மொழிபெயர்ப்பாளர்களின் வீண் பிடிவாதம் என்றும் ஒரு வரி இருந்தது. இந்தத் தொழிலிலேயே என் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டவள் நான். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

முராபஹாவில் வங்கி பணம் கொடுப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வாடிக்கையாளர் கேட்கும் பொருளை வங்கி முதலில் தனக்கென்று வாங்குகிறது. வாங்கிய விலை இன்னது, தன் லாபம் இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதை அவருக்கு விற்கிறது. அவர் தவணையில் செலுத்துகிறார். இடையில் உள்ள காலம் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் பொருள் வங்கியுடையது. அப்போது அது அழிந்தால் நட்டமும் வங்கிக்கே. விலை முடிவான பிறகு, தவணை தவறியது என்பதற்காக அந்த விலையை உயர்த்த முடியாது. இந்த உடைமையைப் பல வங்கிகள் தாளில் மட்டுமே காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு; அதில் நியாயமும் உண்டு. அதை மார்க்க அறிஞர்களும் பத்திரிகைகளும் கண்டிக்கட்டும். ஒப்பந்தத்தில் விற்பனை என்று இருப்பதைக் கடன் என்று திருத்தி எழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

பிரிட்டனில் நடந்ததைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். இம்முறையில் வீடு வாங்கியவர்கள் அங்கே முத்திரை வரியை இருமுறை சுமக்க நேர்ந்தது: வங்கி வீட்டை வாங்கும்போது ஒருமுறை, வங்கியிடமிருந்து வீடு அவர்கள் கைக்கு மாறும்போது மறுமுறை. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம்தான் அந்த இரட்டை வரியை நீக்கியது. வெறும் கடனாக இருந்தால் இரண்டாவது வரி எங்கிருந்து வந்திருக்கும்? 2005ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வரிக்கணக்கில் இந்த லாபத்தை வட்டியைப் போலவே நடத்தினாலும், அதற்கு ‘இன்ட்ரஸ்ட்’ என்று பெயர் வைக்காமல் ‘ஆல்டர்நேட்டிவ் ஃபைனான்ஸ் ரிட்டர்ன்’ என்று ஒரு தொடரைப் புதிதாக ஆக்கிக்கொண்டது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட சட்ட வரைவாளர்கள் அவ்வளவு எச்சரிக்கையாக நடந்துகொண்ட இடத்தில் எங்களுடைய எச்சரிக்கை மட்டும் பிடிவாதம் ஆகிவிடுமா?

இதில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த வங்கியில், ‘கஃபாலா’, ‘கிதாப் தமான்’ என்ற இரண்டையும் ‘கேரண்டி’ என்றே எழுத வேண்டும், வாசிப்பவருக்கு அதுவே எளிது என்று ஒரு மேலதிகாரி கட்டளையிட்டார். கஃபாலா என்பது கடனாளிக்காகப் பிணை நிற்பது. மூலக் கடனில் குறையிருந்தால் பிணை நின்றவரும் அந்தக் குறையை எடுத்துச் சொல்லலாம். கிதாப் தமான் அப்படியல்ல. அது வங்கி தன் பொறுப்பிலேயே எழுதிக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். உரியவர் கேட்டால், மூல ஒப்பந்தத்தில் என்ன தகராறு இருந்தாலும் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். எகிப்தின் 1999ஆம் ஆண்டு வணிகச் சட்டம் இதற்கென்றே தனி விதிகளை வகுத்திருக்கிறது. ஒரே சொல்லால் இரண்டையும் எழுதக் கூடாது என்று நான் எழுத்து மூலம் தெரிவித்தும் கேட்கப்படவில்லை. பின்னர் ஒரு வாடிக்கையாளருடன் தகராறு மூண்டபோது இரு மொழிப் பிரதிகளையும் மேசையில் வைத்து விளக்கம் கேட்டது என்னிடம்தான். சொல்லை மாற்றச் சொன்னவரிடம் யாரும் கேட்கவில்லை. அரபு நாட்டு நீதிமன்றங்களில் பொதுவாக அரபுப் பிரதியே செல்லும். அரபு தெரியாதவர் ஆங்கிலப் பத்தியை நம்பித்தான் கையெழுத்திடுகிறார். அந்தப் பத்தியை எளிமையாக்கினால் நட்டப்படுபவர் அவர்தான்.

தங்கள் இதழைப் பற்றிய என் வருத்தமும் இன்று தொடங்கியதல்ல. சுகூக்கைத் தாங்கள் எப்போதும் ‘இஸ்லாமிய பாண்டு’ என்றே எழுதுகிறீர்கள். பாண்டு என்பது கொடுத்த பணத்துக்கான கடன் பத்திரம். சுகூக் ஒரு சொத்திலோ தொழிலிலோ பங்குரிமையைக் காட்டும் சான்று. இஸ்லாமிய நிதித்துறைக்கு நெறிமுறைகள் வகுக்கும், பஹ்ரைனில் உள்ள அயோஃபி அமைப்பின் அறிஞர் குழு 2008இல், முளாரபா (ஒருவர் முதல் போட, இன்னொருவர் தொழிலை நடத்துவது), முஷாரகா (பங்காளிகள் எல்லோருமே முதல் போடுவது) அடிப்படையிலான சுகூக்குகளை முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொள்வதாக வெளியிடுபவர் உறுதி கூறக் கூடாது என்று தெளிவாக்கியது. முதல் அப்படியே திரும்பி வரும் என்ற உறுதியைத்தான் ‘பாண்டு’ என்ற சொல் வாசகருக்குத் தருகிறது. முளாரபாவுக்கு ‘லாப நட்டப் பங்கீடு’ என்று தாங்கள் கொடுத்த விளக்கமும் சரியல்ல: தொழிலை நடத்துபவர் கவனக்குறைவாலோ ஒப்பந்தத்தை மீறியோ நட்டம் உண்டாக்கினால் ஒழிய, பண நட்டம் முழுவதும் முதல் போட்டவருடையது.

ஹவாலாவோ தங்கள் தலைப்புகளில் குற்றத்தின் பெயராக மட்டுமே வருகிறது. அரபு வங்கிகளில் அது சாதாரணப் பணப் பரிமாற்றம். குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் ஒவ்வொரு தொழிலாளியும் நிரப்பும் படிவத்தில் அச்சாகியிருக்கும் சொல். மார்க்கச் சட்டத்தில் அதற்கு ஒருவரின் கடன் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றுவது என்று பொருள். அயோஃபியின் ஏழாவது ஷரீஆ நெறிமுறை அதைப் பற்றியதே. இது குறித்து முன்பும் மரியாதையுடன் எழுதினேன். கடிதமும் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. துறையில் இருப்பவர்கள் எழுதினால் ஒதுக்கிவைத்துவிட்டு, துறையைக் குறை கூறுபவருக்கு மட்டும் பக்கங்கள் ஒதுக்குவது தங்கள் இதழின் மரபுக்கு அழகல்ல என்று சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது.

கட்டுரையோடு வந்த சொல்விளக்கப் பெட்டியில் முராபஹாவுக்கு எதிரே ‘லோன்’ என்று இருப்பதை, ‘காஸ்ட் பிளஸ் சேல்’ என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
அரபு–ஆங்கில மொழிபெயர்ப்பாளர்